நாலு துளைப் பொத்தான்

ஆறு மணி இருபத்தெட்டு நிமிடம். கனகாம்புஜம் தந்திச் சாவியின் கறுப்புக் குமிழின்மேல் இரண்டு விரல்களை வைத்துவிட்டாள்; ஆனால் அழுத்தவில்லை. ஆறரை என்றால் ஆறரைதான். முந்துவதும் பிந்துவதும் ஒரே குற்றம் என்று, பெண்கள் கல்லூரியில் இயற்பியல் நடத்திய முப்பத்து மூன்று ஆண்டுகளும் சொல்லிவந்தவள், இன்று ஐந்தே முக்காலிலிருந்தே இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அதை யாரும் பார்க்கவில்லை, தங்கை வேதாவைத் தவிர; வேதா பார்த்தால் மஞ்சக்குப்பம் முழுவதும் பார்த்த மாதிரி. இடக் காதை மட்டும் மூடியிருந்த ஹெட்போனில் நாற்பது மீட்டர் அலைவரிசை, அரிசி களைகிற ஓசையோடு இரைந்துகொண்டிருந்தது. வலக் காதைச் சமையலறைக்குத் திறந்து வைத்திருந்தாள், ஏனென்றால் இந்த வீட்டில் மிக்ஸி ஓடினால் ரேடியோ செத்துவிடும். “அக்கா, மிக்ஸி போடலாமா கூடாதா, ஒரே வார்த்தையில சொல்லிடு.” “கூடாது.” “ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமையில சட்னி வச்சு சாப்பிட்டோம். மறுபடியும் இட்லிப்பொடியா?” “ஏழு மணிக்கு மேல அரைச்சுக்கோ.” “ஏழு மணிக்கு இட்லி ஆறிப்போயிடும். அந்தமான்ல இருக்கிற மனுஷனுக்காகக் கடலூர்ல ஒரு மூடித் தேங்கா காத்துக்கிட்டு இருக்கு பாரு. இந்த அநியாயத்த எங்க போய்ச் சொல்ல.” சொல்லட்டும். வேதாவின் வாய் ஓயாது. ஆனால் மிக்ஸியின் சுவிட்சை அவள் தொடமாட்டாள், ரேடியோ ஓடும் அரைமணியில் முப்பது ஆண்டுகளில் ஒருநாளும் தொட்டதில்லை. கணவனை இழந்து இரண்டு பெட்டிகளோடு வந்து சேர்ந்த முதல் வாரத்திலேயே, ஞாயிறு காலை ஆறரை முதல் ஏழு வரை இந்த வீட்டில் எந்த மோட்டாரும் ஓடாது என்பதைத் தெரிந்துகொண்டுவிட்டாள். ஏன் என்று கேட்டாள். “ஒருத்தர் பேசுவார்” என்று மட்டும் கனகாம்புஜம் பதில் சொன்னாள். யார் என்று வேதா கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததிலேயே எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

ஒருத்தர் பேசுவார். பேசிய காலம் போய் இரண்டு ஆண்டுகளும் நான்கு மாதங்களும் ஆகின்றன. பாக்கியநாதன் போர்ட் பிளேரில் இருக்கிறார். துறைமுகத்தில் கம்பியில்லாத் தந்தி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயிற்றுப் பிழைப்புக்குக் கப்பல்களோடு பேசினார், மனப் பிழைப்புக்கு ஞாயிறு காலையில் இந்தக் கடலூர் வீட்டோடு பேசினார். ஆங்கில எழுத்துகளில் தமிழை ஏற்றி, புள்ளியும் கோடுமாக, முப்பத்து இரண்டு ஆண்டுகள். பிறகு மூளைக்காய்ச்சல் வந்தது. உயிரை விட்டுவிட்டுக் காதுகள் இரண்டையும் எடுத்துக்கொண்டு போனது. தேறி எழுந்ததும் கணினியில் ஒன்றை ஏற்பாடு செய்து பார்த்தார். வருகிற தந்திக்குறியைத் தானே படித்துத் திரையில் எழுத்தாக அடித்துக்காட்டும் ஏற்பாடு அது. இரண்டு ஞாயிறு பார்த்துவிட்டுக் கைபேசியில் எழுதினார்: ‘எழுத்து வருகிறது டீச்சர், ஆள் வரவில்லை.’ அதற்குமேல் முயலவில்லை. பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் வாழ்த்து வரும், பூப்போட்ட படத்தோடு. அந்தப் பூக்களைக் கண்டாலே இவளுக்கு எரிச்சல். இப்போது கடைசியாக, இவள் அனுப்பிய பெட்டி போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு செய்தி எழுதியிருந்தார். அதைப் படித்துப் படித்து வரி வரியாக மனப்பாடம் ஆகிவிட்டது. ‘பெட்டி பத்திரமாக வந்தது. பொத்தான் அழகு. ஞாயிறு ஆறரைக்கு வழக்கமான அலைவரிசையில், பொத்தான்மேல் விரலை வைத்து உட்கார்ந்திருப்பேன், ஏழு வரை. கூரையை மாற்றுகிறேன்; ஏரியல் கம்பம் இருக்கவேண்டுமா வேண்டாமா என்று கொத்தனார் மூன்று முறை கேட்டுவிட்டார். திங்கட்கிழமை பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். ஞாயிறன்று கைபேசியை அணைத்து அடுத்த அறையில் வைத்துவிடுவேன். நீங்களும் அதில் எழுதவேண்டாம், உதவியாக இருக்காது.’ அவ்வளவுதான். ஏழு வரை. முப்பது நிமிடம். ஒரு கொத்தனாருக்கு மனிதர் என்ன பதில் சொல்வார் என்பது இந்த இரண்டு விரல்களில் இருக்கிறது.

ஆறரை. அழுத்தினாள். அவருடைய அழைப்புக்குறி மூன்று முறை, பிறகு தன்னுடையது. மெதுவாக, மிக மெதுவாக, ஒவ்வொரு புள்ளியும் ஒரு கடுகைப் போலத் தனியே தெரியும்படி, ஒவ்வொரு கோடும் அளவெடுத்து நறுக்கிய மாதிரி, எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் ஒரு மூச்சு இடைவெளி விட்டு. ஒரு மாதமாக இதைத்தான் பழகினாள். தோலுக்குக் காதின் சாமர்த்தியம் கிடையாது. கல்யாண வீட்டில் நூறு பேர் பேசினாலும் காது தனக்கு வேண்டிய குரலைப் பொறுக்கிக்கொள்ளும். தோலோ எல்லாவற்றையும் ஒரே நடுக்கமாக வாங்கும். அதனால் தோலுக்கு அனுப்புகிறவள் தெளிவாக அனுப்பவேண்டும். இதை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவள் நூர்ஜஹான். பழைய பட்டணத்தில் தையற்கடை வைத்திருக்கும் நூர்ஜஹான் பிறவியிலேயே காது கேளாதவள். சொந்த ஆசைக்காக வானொலியில் பேசுகிற ஹாம்களுக்காகக் கனகாம்புஜம் கல்லூரியில் சனிக்கிழமைகளில் நடத்தும் வகுப்புக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு துண்டுத்தாளோடு வந்து நின்றாள்: ‘காது கேக்காதவங்க சேரலாமா?’ அதே தாளில் கனகாம்புஜம் எழுதினாள்: ‘சேரலாம். தாமதமாக வரக் கூடாது.’ அவள் வந்தாள். தாமதமாக வரவே இல்லை. முதலில் கைபேசியை அதிரவைக்கும் சின்ன மோட்டாரை ரேடியோவோடு இணைத்து அவள் உள்ளங்கையில் கொடுத்தாள் கனகாம்புஜம். மோட்டார் சுழலத் தொடங்குவதற்குள் புள்ளி முடிந்துவிடும். அது நிற்பதற்குள் அடுத்த கோடு வந்துவிடும். நூர்ஜஹான் முகத்தைச் சுளித்து எழுதிக்காட்டினாள்: ‘கஞ்சி மாதிரி இருக்கு.’ பிறகு ஒரு பழைய ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு மீது விரலை வைக்கச் சொன்னதில் புள்ளிகள் பிரிந்தன, ஆனால் விரல் வழுக்கியது. மறுவாரம் கோட்டுக்குத் தைக்கிற பெரிய கறுப்புப் பொத்தான்கள் இரண்டை, ஒரே அட்டையிலிருந்து பிய்த்தவை, கொண்டுவந்து, கூம்பின் நடுவில் ஒன்றை ஒட்டி, விரல் நுனியை அதன் நான்கு துளைகள்மேல் பொருத்தினாள். அவள் கண்கள் விரிந்ததைக் கனகாம்புஜம் இன்னும் மறக்கவில்லை. தையல் மிஷினில் ஊசி முறியப்போவதை மிதிகட்டை வழியே பாதம் முன்கூட்டியே அறிந்துகொள்ளும் ஒருத்திக்குத் தந்திக்குறி எம்மாத்திரம்? எட்டு மாதத்தில் பரீட்சை எழுதி உரிமம் வாங்கினாள். அவளுக்குப் பின் இன்னும் இருவர். மூவருக்கும் இப்படித்தான் அனுப்பினாள், கடுகு கடுகாக. அவர்கள் வாங்கினார்கள். பொத்தான் ஒட்டிய அதே ஸ்பீக்கரைப் பெட்டியில் வைத்து அவருக்கு அனுப்பினாள், இன்னொரு பொத்தானோடு ஒரு பெட்டியைத் தனக்கும் செய்துகொண்டாள். அவர்கள் வாங்கியது அவரால் முடியாதா? அழைத்து முடித்துவிட்டுக் குமிழிலிருந்து விரலை எடுத்தாள். அரிசி களைகிற ஓசை. வேறொன்றும் இல்லை.

ஆறு முப்பத்தாறு. மறுபடி அழைத்தாள், இன்னும் மெதுவாக. அவர் விரல் இப்போது அந்தப் பொத்தானின் மேல் இருக்கும். வலக்கை ஆள்காட்டி விரலா, நடுவிரலா? பெட்டியோடு அனுப்பிய குறிப்பில் ஆறு வரிகள் எழுதியிருந்தாள்: சுருதியை எவ்வளவு தாழ்த்தவேண்டும், ஒலியை எதுவரை திருப்பவேண்டும், விரலை அழுத்தாமல் தட்டில் ஈ உட்காருவது போல வைக்கவேண்டும் என்றெல்லாம், எந்த விரல் என்று எழுதவில்லை. அது அவருடைய விஷயம் என்று விட்டுவிட்டாள். விட்டிருக்கக் கூடாதோ? அவருடைய விரல்களை ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறாள். தொண்ணூற்று எட்டில், எழும்பூரில், ஹாம்கள் கூடிய ஒரு கூட்டத்தில். அவர் மனைவி ஸ்டெல்லாவோடு வந்திருந்தார். ஏழு ஆண்டுகள் வாரந்தவறாமல் பேசியவர்கள் எதிரெதிரே உட்கார்ந்தபோது இருவருக்கும் பேச வாய் வரவில்லை. “பிரயாணமெல்லாம் சௌகரியமா இருந்துதா சார்?” “இருந்துது டீச்சர். கடல் கொஞ்சம் ஆட்டம்.” “மெட்ராஸ்ல வெயில் ஜாஸ்தி.” “ஆமா, ஜாஸ்திதான்.” அதோடு தீர்ந்துபோயிற்று. அவருடைய குரல் அவள் நினைத்த குரல் இல்லை; மெல்லியதாக, சற்று மூக்கடைத்ததாக இருந்தது; யாரோ ஒருவர் அவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்துவிட்ட மாதிரி இருந்தது. அப்போதுதான் அவர் தலையைக் குனிந்துகொண்டு, காப்பி டம்ளரின் விளிம்பில் நகத்தால் தட்டினார். ‘இப்போது கேட்கிறதா?’ அவர்தான். அதே கை. கோடுகளைத் துளி இழுத்து, ஒரு வார்த்தை முடிந்ததும் படியேறியவர் மூச்சு வாங்குவது போல நின்று, பிறகு அடுத்ததைத் தொடங்கும் அதே கை. இவளும் கரண்டியை எடுத்தாள். ஸ்டெல்லா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “ஐயையோ, ரெண்டு பேருக்கும் ஆண்டவர் வாயின்னு ஒண்ணு குடுத்திருக்காரே, அது எதுக்காம்? திங்கவா?” என்று விழுந்து விழுந்து சிரித்தாள். நல்லவள். சிரித்தபடியே ஒரு வடையைப் பிட்டு இருவர் தட்டிலும் வைத்தாள். விடைபெறும்போது கைகூப்பினார்கள், அவர் கை அவர் கையோடு சேர்ந்தது, இவள் கை இவள் கையோடு சேர்ந்தது. அந்தக் கைகூப்பலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஸ்டெல்லா இறந்த வாரத்தில் இவள் நாற்பது நிமிடம் தொடர்ந்து அனுப்பினாள், ஆறுதல் என்ற சொல்லை ஒருமுறைகூடப் பயன்படுத்தாமல், அந்த வடையைப் பற்றி, அந்தச் சிரிப்பைப் பற்றி. முடிவில் அவரிடமிருந்து இரண்டு புள்ளிகள் மட்டும் வந்தன. ஹாம்கள் பேச்சை முடிக்கும்போது விரல்நுனியால் கதவைத் தட்டிச் சாத்துவது போலப் போடும் இரண்டு புள்ளிகள். அதில் ஒன்று நடுங்கியது.

ஆறு நாற்பத்து மூன்று. ஒன்றும் இல்லை. ஒரு ரஷ்யக்காரர் எங்கிருந்தோ வந்து அதே இடத்தில் வேகமாகத் தட்டிவிட்டுப் போனார். இதுவும் அவருடைய விரலில் போய் விழுந்திருக்கும். எது யார் என்று அவர் எப்படிப் பிரிப்பார்? காதாக இருந்தால், இது தடித்த குரல், அது கீச்சுக் குரல் என்று தள்ளிவிடலாம். விரலுக்கு ஏது தடிப்பும் கீச்சும்? “என்ன, வந்தாரா?” என்று வேதா கதவோரம் நின்று கேட்டாள், கையில் இட்லித்தட்டு இருந்தது. “இல்லை.” “காத்துக் கருப்பு எதாவது குறுக்க நிக்குதோ என்னவோ. நான் வேணும்னா ஃபிரிட்ஜையும் நிறுத்தட்டுமா?” கேலியாகத் தொடங்கியது கேலியாக முடியவில்லை. பதிலுக்குக் காத்திராமல் போய் நிறுத்திவிட்டாள். குளிர்பெட்டியின் முனகல் அடங்கியது. காதில் இரைச்சலும் ஒரு நூல் இறங்கியது. அந்த ஒரு நூல் அமைதியில்தான் பழைய ஞாயிறு வந்து உட்கார்ந்தது, வேண்டாம் வேண்டாம் என்று தள்ளியும். இரண்டாயிரத்து நான்கு, டிசம்பர் இருபத்தாறு. அன்றும் ஆறரைக்குத் தொடங்கினார்கள். வணக்கம் சொன்னார், ஸ்டெல்லாவுக்குக் கிறிஸ்துமஸ் கேக் கருகிவிட்டது என்றார், பிறகு, ‘இன்று விடியற்காலையில் ஒரு’ என்றார். ‘ஒரு’ என்ற சொல்லோடு நின்றுபோனது. மின்சாரம் போயிருக்கும் என்று இவள் நினைத்தாள். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு காத்திருந்தாள். எட்டே முக்காலுக்குத் தேவனாம்பட்டினத்திலிருந்து ஜனங்கள் ஈரத்துணியோடு ஓடிவரும்வரை, அங்கே பூமி நடுங்கியதும் கடல் எழுந்ததும் இவளுக்குத் தெரியாது. அன்று பகல், இரவு, மறுநாள் பகல், இரவு. மூன்றாம் நாள் காலையில், நெருக்கியடித்துக்கொண்டு ஒலித்த ஐம்பது அறுபது கைகளுக்கு நடுவில், கோடுகளைத் துளி இழுக்கும் கை ஒன்று, காணாமற்போனவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டிருந்தது. அழைப்புக்குறி வருவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. குறுக்கிட்டு, ‘இருக்கிறீர்களா’ என்று ஒரு சொல் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த இடத்தில் ஒரு பெயர் போகவேண்டியிருந்தது. நான்கு மணி நேரம் மௌனமாக உட்கார்ந்து, தெரியாத மனிதர்களின் பெயர்களை எல்லாம் அவருடைய கையெழுத்தாகக் கேட்டாள். கடலோரத்து அந்த வீடு போய், மேட்டில் வேறு வீடு கட்டிக்கொண்ட பிறகும் அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை, இவளும் கேட்கவில்லை. அந்த விடியற்காலையின் எந்த முனையைப் பிடித்து இழுத்தாலும் என்ன வருமோ என்ற பயம். தாள் மட்டும் இருக்கிறது, இதோ மேசை இழுப்பறையில், கல்லூரிப் பதிவேட்டுத் தாள்: ‘இன்று விடியற்காலையில் ஒரு’. ஒரு என்ன? இருபது ஆண்டுகளாக அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் அவளோடு சேர்ந்து மூப்படைந்து வந்திருக்கிறது. ஒரு கனவா, ஒரு கடிதமா, ஒரு காய்ச்சலா, ஒரு எண்ணமா. சில இரவுகளில் அந்த இடத்தில் தனக்கு வேண்டிய சொல்லை வைத்துப் பார்த்திருக்கிறாள். விடிந்ததும் வெட்கப்பட்டு எடுத்துவிட்டிருக்கிறாள்.

ஆறு நாற்பத்தொன்பது. கை வலித்தது. பத்தொன்பது வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து ஒடித்துக்கொண்ட வலது மணிக்கட்டு. எலும்பு கூடியதே தவிர, கோடு போட்டு உடனே புள்ளி போடவேண்டிய இடங்களில் அது ஒரு கணம் பின்தங்கும். முதல் ஆண்டிலேயே அவர் சொல்லிவிட்டார்: ‘உங்கள் கை நொண்டுகிறது டீச்சர்.’ மூன்று வாரம் இவள் அவரோடு வானிலையைத் தவிர எதையும் பேசவில்லை. நான்காம் வாரம் அவர் அனுப்பினார்: ‘நொண்டுகிறது என்று சொன்னேன். நொண்டவேண்டாம் என்று சொன்னேனா?’ இந்த மாதம் முழுவதும் அந்த நொண்டலைத் திருத்துவதற்கே மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறாள், சீராகத் தாளம் தட்டும் கருவியை ஓடவிட்டு, அதோடு ஒட்டி, அறுபத்தேழு வயதில். தோல் வழியாகக் கேட்கப்போகும் மனிதருக்குக் குறையில்லாமல் போகவேண்டும் அல்லவா? திருந்தியும்விட்டது. தானே ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு, காதில் பஞ்சு அடைத்து, பதிவு செய்ததைப் பொத்தானில் தொட்டுப் பார்த்தபோது, அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. சென்ற சனிக்கிழமை நூர்ஜஹானிடம் பெருமையோடு தொடக்கொடுத்தாள். நூர்ஜஹான் கண்ணை மூடி விரலை வைத்திருந்துவிட்டு எழுதினாள்: ‘நல்லா இருக்கு மிஸ். ஆனா இது நீங்க இல்ல. வேற யாரோ நல்ல பொண்ணு.’ அதற்குக் கனகாம்புஜம், ‘பயிற்சி என்றால் அதுதான்’ என்று கொஞ்சம் கண்டிப்பாகவே எழுதினாள். அந்தத் தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டபோது நூர்ஜஹான் சிரித்தாளா, சிரிக்கவில்லையா? வேற யாரோ நல்ல பொண்ணு. மறுபடி குமிழில் விரலை வைத்தவள் அழுத்தாமல் நின்றாள். நூர்ஜஹான் எண்ணிக் கற்றவள். ஒரு புள்ளி ஒரு கோடு என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி எழுத்தாக்கி, எழுத்தைச் சொல்லாக்கி, படிப்படியாக ஏறி வந்தவள். அவளுக்குப் படிகள் தெரியவேண்டும். அவர்? நாற்பத்தைந்து ஆண்டுகளில் அந்த மனிதர் ஒரு புள்ளியையாவது எண்ணியிருப்பாரா? சொந்த வீட்டில் விளக்கில்லாமல் நடமாடுகிறவன் வாசற்படி எத்தனை என்று எண்ணுவதில்லை. அவனைப் பிடித்து நிறுத்தி, இதோ ஒரு படி, இருங்கள், இதோ இன்னொரு படி என்று கையைப் பிடித்து இறக்கினால் நிச்சயம் விழுவான். வேகத்தைக் குறைத்து, இடைவெளியைக் கூட்டி, நொண்டலை எடுத்து... ஐயோ. திரையில் எழுத்து வருகிறது, ஆள் வரவில்லை என்று தெளிவாகத்தானே எழுதினார்? இருபது நிமிடமாக அவர் விரலில் விழுந்துகொண்டிருப்பது ஒரு திரைதான். யாரோ ஒரு நல்ல பெண், யாருக்கோ பாடம் நடத்துகிறாள் என்று அவர் பொறுமையாக ஒதுக்கிவிட்டு, அந்தப் பாடம் முடிந்ததும் டீச்சர் வருவார் என்று காத்திருக்கிறார். இங்கே டீச்சர் அவருடைய கடைசி அரைமணியைத் தன் திருத்தமான கையால் ஒவ்வொரு நிமிடமாக நறுக்கிப் போட்டுக்கொண்டிருக்கிறாள். உதவி என்ற பெயரில் தன்னையே அழித்துவிட்டு, இருக்கிறேன் இருக்கிறேன் என்று தட்டியிருக்கிறாள்.

ஆறு ஐம்பத்து நான்கு. நாற்காலியைச் சற்றுப் பின்னே தள்ளி, மணிக்கட்டை மேசை விளிம்பில் அது முப்பத்து இரண்டு ஆண்டுகள் கிடந்த இடத்தில் போட்டாள். அழைப்புக்குறியை அனுப்பவேண்டும் என்பது விதி. அனுப்பினாள், ஆனால் பழைய வேகத்தில், தடதடவென்று, ஓட்டமும் நொண்டலுமாக. அதற்குப் பிறகு என்ன அனுப்பவேண்டும் என்று யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வணக்கம், நலமா, இங்கே மழையில்லை என்று தொடங்கியிருப்பாள். கை தானாக இழுப்பறைக்குள் இருந்ததை எடுத்துவிட்டது. ‘அன்று விடியற்காலையில் ஒரு என்று நிறுத்தினீர்களே சார், ஒரு என்ன?’ அனுப்பிய பிறகுதான் அனுப்பியது எது என்று அவளுக்கே தெரிந்தது. முகம் சுட்டது. இருபது ஆண்டுகள் காத்த வாயை அரைமணி நேரம் காக்க முடியவில்லை. இது போய்ச் சேர்ந்திருந்தால் அவர் மனத்தில் அந்தக் கடல் அல்லவா திரும்பி எழும்? போய்ச் சேராவிட்டால்? போய்ச் சேராவிட்டால் நாளை கொத்தனார் கம்பத்தை இறக்குவார், வேதா அடுத்த ஞாயிறு முதல் சட்னி அரைப்பாள், அதற்குமேல் ஒன்றுமில்லை. உலகத்தில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் சட்னியோடு கழிகின்றன. அரிசி களைகிற ஓசை. அரிசி களைகிற ஓசை. சுவர்க் கடிகாரம் வேண்டுமென்றே உரக்க நடந்தது. ஐம்பத்து ஐந்து. ஐம்பத்து ஆறு. பிறகு அந்த இரைச்சலுக்கு அடியில், வெகு தூரத்தில், கிணற்றுக்குள் யாரோ வாளியை இறக்குவது போல ஒரு கோடு. துளி இழுத்த கோடு. துருப்பிடித்த கை, முதல் சொல்லிலேயே தடுக்கி, அழித்து, மீண்டும் தொடங்கியது. ‘டீச்சர். டீச்சர். இதோ உங்கள் கை வந்துவிட்டது. இவ்வளவு நேரம் தட்டியது யார்?’ கனகாம்புஜம் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா என்னவென்று தெரியாத ஒன்று விரலிடுக்கில் கசிந்தது. அவர், படியேறியவர் மூச்சு வாங்குவது போல நின்றார். நின்றது நீண்டது. கேட்டது தப்பு, தப்பு என்று இவள் நெஞ்சு அடித்துக்கொள்ளும்போதே வந்தது: ‘ஆமை.’

ஒரு ஆமை. கனவு இல்லை, கடிதம் இல்லை. இவள் வெட்கத்தோடு வைத்தும் எடுத்தும் பார்த்த எந்தச் சொல்லும் இல்லை. கடலோரத்து வீட்டின் பின்கட்டில், அந்த விடியலில், ஒரு ஆமை கரையேறி வந்திருக்கவேண்டும். அதைத்தான் முதலில் இவளிடம் சொல்ல வந்தார். சொல்ல வந்ததை இருபது ஆண்டுகளாக அவரும் வைத்திருந்திருக்கிறார். இல்லாவிட்டால், எந்த விடியற்காலை, எந்த ஒரு, என்று கேட்டிருக்கமாட்டாரா? இழுப்பறையைத் திறந்து தாளையும் பென்சிலையும் எடுத்தாள். பழுப்பேறிய அந்தத் தாளில், ‘ஒரு’ என்பதற்குப் பக்கத்தில், ‘ஆமை’ என்று எழுதி, முற்றுப்புள்ளியும் வைத்தாள். வாங்காததை வாங்கியதாகச் சொல்லாதே, வாங்கியதை மறுபடி கேட்காதே, இரண்டும் பொய் என்று எத்தனை மாணவிகளைக் கடிந்துகொண்டிருக்கிறாள்? நூர்ஜஹானைக்கூட ஒருமுறை அழவைத்திருக்கிறாள். இந்த முப்பத்து இரண்டு ஆண்டுகளில், தெளிவாக வாங்கிய ஒரு சொல்லை அவள் திரும்பக் கேட்டதாகப் பாக்கியநாதன் சொல்லமுடியாது. ஹெட்போனைக் கழற்றினாள். அதன் பின்னை ரேடியோவிலிருந்து உருவிவிட்டு, மேசையோரம் இருந்த தன்னுடைய பெட்டியின் பின்னை அங்கே செருகினாள். ஒரே அட்டையிலிருந்து பிய்த்த இரண்டாவது பொத்தான். ஓசை அற்றுப்போயிற்று. இடக்கை நடுவிரலை, தட்டில் ஈ உட்காருவது போல, நான்கு துளைகளின்மேல் வைத்தாள். வலக்கையால் அனுப்பினாள்: ‘சரியாக வாங்கவில்லை சார். மறுபடி.’ பொத்தான் அசையாமல் இருந்தது. பிறகு அது எழுந்தது, அவள் விரலுக்குள் எழுந்தது. குட்டையாக ஒன்று, நீளமாக ஒன்று, குட்டை, நீளம், நீளம், நீளம், குட்டை, நீளம், குட்டை, குட்டை. அவள் வாங்கவில்லை என்று நம்பி, டீச்சருக்காக அவர் அதை நிதானமாக, நன்றாக அழுத்தி அனுப்பினார். எழும்பூரில் டம்ளரின் விளிம்பில் இருந்த விரல், கடலைத் தாண்டி, கூம்பைத் தாண்டி, ஒரு கோட்டுப் பொத்தானின் கனத்துக்கு அப்பால் இருந்தது. “அக்கா, ஏழாச்சு” என்றாள் வேதா, கதவோரத்திலிருந்து. “மிக்ஸி போடட்டுமா?” கனகாம்புஜம் இடக்கை விரலைப் பொத்தானிலிருந்து எடுக்காமல், வலக்கையால், நொண்டிக்கொண்டே, ‘மறுபடி’ என்று இன்னொரு முறை கேட்டாள்.